மூணாம் லைன் வண்டி

கோவிந்தம்மாளின் விரலை மிஷின் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. ஷூ கம்பெனி கேட்டில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன அட்டென்டன்ஸ் பெட்டிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கட்டைவிரலை வைத்தால், உள்ளே குடியிருக்கும் பொம்பளை இங்கிலீஷில் 'ட்ரை அகெய்ன்' என்பாள். கோவிந்தம்மாள் விரலைத் தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றி, மறுபடி வைப்பாள். அதற்குப் பிறகுதான் பச்சை விளக்கு எரிந்து 'தேங்க்யூ' வரும். பதினெட்டு வருஷமாகத் தோல் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி, விரலில் இருந்த ரேகையெல்லாம் எந்தத் தேசத்துக்காரன் காலிலோ ஷூவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு மிஷின் என்ன செய்யும், பாவம்!

அந்த வியாழக்கிழமை ஐப்பசித் தூறல் பிடித்திருந்தது. மழை நாளில் ஆம்பூரில் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க முடியாது. பாலாற்றுப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை எழுந்து வந்து சாப்பாட்டுக் கூடைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கோவிந்தம்மாள் கேட்டில் நின்று விரலைத் தேய்த்து வைத்தாள். 'ட்ரை அகெய்ன்.' இன்னும் தேய்த்து வைத்தாள். அதே பாட்டு.

"நகரு கோவிந்து, பின்னாடி எல்லாம் நனையறாங்க. நான் வெச்சுட்டுப் போறேன், நீ அப்புறமா தலைய மொட்டையாத் தேச்சுக்க" என்று ரஃபத் ஜஹான் முன்னால் வந்தாள். ரஃபத் தையல் மிஷினில் உட்காருகிறவள். கோவிந்தம்மாள் மடித்துக் கொடுப்பதை அவள்தான் வாங்கித் தைப்பாள். அவள் ரேகை அச்சடித்தது மாதிரி இருக்கும். அவள் வைத்தாள். 'ட்ரை அகெய்ன்.'

"அரே! எனக்குமா?"

அடுத்து சாவித்திரி வைத்தாள். அவளுக்கும் சிவப்பு விளக்குதான். அவர்களோடு வேலை பார்க்கும் மூணாம் லைன் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வைத்துப் பார்த்துவிட்டுத் தூறலில் நின்றார்கள். நாலாம் லைன்காரிகள் மட்டும் 'தேங்க்யூ' வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்கள்.

ஆபீஸிலிருந்து எச்.ஆர். நந்தகோபால் குடை பிடித்துக்கொண்டு வந்தார். குடியாத்தத்துக்காரர், வீட்டில் இன்னும் லுங்கித் தறி ஓடுகிறது. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கெட்ட சேதியைச் சொல்லக் கம்பெனி இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிப் பிடித்து வைக்கும்.

"மிஷினு சரியாத்தாம்மா இருக்குது. உங்க பேரு இந்த கேட்ல இல்ல. மூணாம் லைன மொத்தமா பெரம்பலூர் யூனிட்டுக்கு மாத்தியாச்சு. திங்கக்கெழம அங்க போயி ரிப்போர்ட் பண்ணணும்" என்றார்.

"எங்க?" என்றாள் கோவிந்தம்மாள்.

"பெரம்பலூரு. திருவண்ணாமலைக்கு அந்தாண்ட. நம்ம புது யூனிட்டு."

"அவ்ளோ தூரம் யாரு சார் போவா? புள்ள குட்டிய எங்க வுடறது?" என்று சாவித்திரி அழுகிற குரலில் கேட்டாள்.

நந்தகோபால் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "போக முடியாதவங்க எழுதிக் குடுத்துடலாம்மா. சொந்தக் காரணத்தால நானே வேலய வுட்டு நின்னுக்கறேன்னு ஒரு வரி, அவ்ளோதான். வர வேண்டியத சீக்கிரமா வாங்கித் தர்றேன். போன மாசம் ரெண்டாம் லைன்ல நெறைய பேரு அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க."

"யாரு நின்னுக்கறது? நானா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"ஆர்டரு இல்லம்மா. அமெரிக்காக்காரன் வரிய ஏத்திட்டான். பேப்பர்லயே வருதே."

"ஆர்டர் இல்லன்னா பெரம்பலூர்ல இன்னாத்துக்கு சார் வேன் வேனா ஆளு எடுக்கறீங்க? எங்கண்ணன் பையன் வசந்த் அங்கதான சூப்பர்வைசரா கீறான்? டெய்லி போன்ல சொல்றானே."

"அது வேற ஷூம்மா. துணி ஷூ. அந்த ஏரியாவும் வேற. கவர்மென்ட்டு எடம், கரன்ட்டுல சலுகை, சின்னப் பொண்ணுங்களா கெடைக்குது. இந்தப் பக்கம் எல்லாமே ஜாஸ்தியாப் போச்சு."

"கம்பெனி வேறயா? மொதலாளி வேறயா?"

நந்தகோபால் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பிடித்தார்.  "யோசிச்சு வைங்கம்மா. திங்கக்கெழம வரைக்கும் டைம் கீது" என்று ஆளுக்கொரு மாற்றல் தாளைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்தப் பக்கத்தில் ஒரு காலம் இருந்தது. கம்பெனி வேன்கள் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்து, 'வேலைக்கு வாங்கம்மா, வேன்ல ஏறுங்கம்மா' என்று கூவும். பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கும் கோவிந்தம்மாளின் ஊரிலும் தெருமுனை வரைக்கும் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதெல்லாம் போயே போய்விட்டது. இந்த வருஷம் விரிஞ்சிபுரத்திலிருந்து நாட்றம்பள்ளி வரைக்கும் ஹைவேயில் போய்ப் பாருங்கள், ஒரு கேட்டிலாவது 'ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கினால் என்னைக் கேளுங்கள். அதே வேன், அதே மைக், இப்போது தெற்கே மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் கூவிக்கொண்டு திரிகிறது. நாடு ஒன்றுதான், சட்டம் ஒன்றுதான் என்கிறார்கள். இங்கே வடிந்த தண்ணீர் அங்கே போய் ஏறுகிறது, நடுவில் நிற்கிறவள் கால்தான் காய்கிறது.

கோவிந்தம்மாள் வீட்டுக்கு வந்தபோது அவள் புருஷன் சுந்தரமூர்த்தி மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டியவர். ஷாப்பை மூடிய பிறகு இரண்டு கறவை மாடுதான் அவருக்கு வேலை. பட்டப்பகலில் பெண்டாட்டி வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமே, இந்த நேரத்துல?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே அடுப்பைப் பற்ற வைத்து, களிக்கு உலை ஏற்றினாள். கோபம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

சுந்தரமூர்த்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார். "எழுதிக் குடுத்துட்டு வந்துடு. பெரிய எடத்துல மோதி இன்னா ஆவப் போவுது? பேரணாம்பட்டுல பீடி எலை வாங்கியாந்தா, வீட்டுல குந்திக்கினே சுத்தலாம்."

"பீடி சுத்தறத நான் கொறவா சொல்லல. எங்கம்மா பீடி சுத்தித்தான் என்ன வளத்தா. ஆனா இன்னா எழுதச் சொல்றான் தெரியுமா? நானே வேணாம்னு சொல்லிட்டுப் போறேனாம். வேணாம்னு சொல்றது அவன். கையெழுத்து மட்டும் என்னுதா?"

"ஊரே அப்படித்தான எழுதுது."

"நீ கூடத்தான் எழுதின. அந்தத் தோல் ஷாப்புக்காரன் கேட்டான்னு உடனே எழுதிக் குடுத்தியே, இன்னா கெடச்சுது உனக்கு? வேலயவுட்டுத் துரத்தினாதான் எதுனா குடுக்கணும், தானா போனவனுக்கு இன்னாத்த குடுக்கறதுன்னு கேட்டான் இல்ல?"

 அவள் சொன்னது பொய்யாக இருந்தால் சுந்தரமூர்த்தி சண்டை போட்டிருப்பார். எழுந்து போய் மறுபடி தட்டு வெட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் மகள் சௌமியா காலேஜிலிருந்து வந்தாள். விஷயம் கேட்டதும் செல்லை எடுத்து வசந்துக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் ஒரே சத்தம். எங்கோ ஷிப்ட் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே, நானே பேசலாம்னு இருந்தேன். நீ பாட்டுக்குக் கெளம்பி வந்துடாத" என்றான் வசந்த்.

"ஏன்டா, உன் மொதலாளிதான் வரச் சொல்லி பேப்பர் குடுத்துக்கீறான்."

"ஐயோ அத்தே, அது உன்ன வரவைக்கறதுக்கா குடுத்தாங்க? இங்க இருவத்தஞ்சு வயசுக்கு மேல ஒருத்தர எடுக்கறதில்ல. உன் சம்பளத்துல இங்க ரெண்டு பொண்ணுங்கள வெச்சுக்கலாம். நீ வந்தா உன்ன எங்க குந்தவைக்கறது, எந்த சம்பளம் போடறதுன்னு இவங்களுக்கே தெரியாது. ஆம்பூர் பொம்பளைங்க ஊரத் தாண்ட மாட்டாங்க, பயந்துக்கினு எழுதிக் குடுத்துடுவாங்கன்னுதான் உங்க பேரையெல்லாம் இங்க கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு கீறாங்க."

"அப்போ நாங்க வந்து நின்னா அவங்களுக்கு பேஜாரு."

"பேஜாருதான். செம பேஜாரு."

கோவிந்தம்மாள் களித் துடுப்பைச் சட்டிக்குள் நட்டு வைத்தாள். "அப்ப வர்றேன்னு சொல்லு."

"அத்தே!"

"சொல்லாதடா, நானே வந்து சொல்லிக்கறேன். உன் வேலைக்கு எதுனா வந்துடப் போவுது. எங்களப் பாத்தா யாருன்னே தெரியாத மாதிரி மூஞ்சத் திருப்பிக்க" என்று சொல்லி, மகளிடம் செல்லை நீட்டினாள்.

ஊரைத் தாண்ட மாட்டார்களாம்! அந்தக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கணக்குப் போட்டவன் யாரோ, அவனுக்கு ஆடி அமாவாசையைப் பற்றித் தெரியாது. வருஷா வருஷம் மூணாம் லைன் பெண்கள் வேன் பிடித்து மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போவார்கள். வண்டி பேசுவது, வசூல் பண்ணுவது, அண்டா, அடுப்பு, பாய், தார்ப்பாய் எல்லாம் கோவிந்தம்மாள் பொறுப்பு. லட்சம் ஜனத்துக்கு நடுவில் வெட்டவெளியில் பாய் விரித்துப் படுத்து, கல்லைக் கூட்டிப் பொங்கி, எல்லோருக்கும் போட்டு, ஒரு பிள்ளையைக்கூடத் தொலைக்காமல் திரும்பி வருகிறவள் அவள். அந்த இரண்டு நாளும் ஊரில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை ரஃபத் ஜஹானின் மாமியார் ஹலீமா பீதான் கட்டி மேய்ப்பாள்.

வெள்ளிக்கிழமை மூணாம் லைன் பெண்கள் ரஃபத் வீட்டு வாசலில் கூடினார்கள். ஹலீமா பீ எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தாள்.

"நெஜமாவே போவணுமா யக்கா? சும்மா கேட்ல நின்னு கத்துனா போதாது?" என்று சாவித்திரி கோவிந்தம்மாளைக் கேட்டாள்.

"ரெண்டாம் லைன் கத்தல? தொண்ட கட்டினதுதான் மிச்சம். எழுதிக் குடுக்காதவங்கள, மாத்தின எடத்துக்கு வரலன்னு சொல்லி பேர அடிச்சுட்டான். வரச் சொன்ன எடத்துக்கு நாம போயி நின்னா, வரலன்னு எப்பிடி சொல்லுவான்?"

"போயி? அங்கயும் உள்ள வுடலன்னா?"

"வுடலன்னா கேட்ல குந்துவோம். மேல்மலையனூர்ல குந்தல?"

"அது சாமிக்கு யக்கா."

"இது சோத்துக்குடி. சாமி கோச்சுக்காது."

சிரிப்பு கிளம்பியது. ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்தி புருஷன் ஒத்துக்கொள்ள மாட்டான். இன்னொருத்தி, "நான் எழுதிக் குடுத்துட்டேன் யக்கா, நேத்தே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தம்மாள் அவளைத் திட்டவில்லை. அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீயை ஊற்றினாள்.

 ரஃபத் மாமியார் முகத்தைப் பார்த்தாள். மெட்ராஸில் தோல் பை கடையில் இருக்கும் மகனிடம் கேட்காமல் மருமகளை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று ஹலீமா பீ யோசிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"இன்னா பாக்கறே?" என்றாள் ஹலீமா பீ. "பதினாறு வருசம் இவ சம்பளத்துலதான் இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. இவள வெளிய நிறுத்தறப்போ நம்மளக் கேட்டாங்களா கம்பெனிக்காரங்க? போ, ரஃபத். புள்ளைங்கள நான் பாத்துக்கறேன். அவன்கிட்ட நான் பேசறேன்."

கடைசியில் பதினொரு பேர் தேறினார்கள்.

திங்கட்கிழமை காலையில் மழை வெறித்திருந்தது. வேன் கோவிந்தம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தது. மூன்று நாளாக முகம் கொடுக்காமல் இருந்த சுந்தரமூர்த்தி அண்டாவைத் தூக்கி வண்டி மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கினார். டிரம் ஓட்டிய கை. அந்த முடிச்சு பெரம்பலூர் என்ன, கன்னியாகுமரி வரைக்கும் அவிழாது.

"களி கிண்டத் தெரியுமா உனக்கு?" என்றாள் அவள்.

"கட்டி கட்டியா வரும். துன்னுக்கறேன்." கயிற்றின் நுனியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "எழுதாத, கோவிந்து. எவன் இன்னா சொன்னாலும் எழுதாத" என்றார். அப்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியது. ஆனால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

வேன் ஹைவேயில் ஏறுவதற்கு முன்னால் கம்பெனி கேட்டில் நின்றது. நிற்க வேண்டிய அவசியம் இல்லைதான். பார்க்கட்டுமே என்று கோவிந்தம்மாள்தான் நிறுத்தச் சொன்னாள். நந்தகோபால் அப்போதுதான் பைக்கை விட்டு இறங்கினார். வண்டி மேல் அண்டா, அடுப்பு, சுருட்டிய பாய். ஜன்னலெல்லாம் மூணாம் லைன் முகம்.

"இன்னாம்மா, எந்தக் கோயிலுக்கு?"

"பெரம்பலூருக்கு சார். ரிப்போர்ட் பண்ணச் சொன்னீங்களே."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நெஜமாவா? இரும்மா, ரெண்டு நாள் பொறுங்க. மேல கேட்டு சொல்றேன்."

"மேல கேட்டுத்தான எங்க பேர எடுத்தீங்க?"

"அங்க ஹாஸ்டல்ல எடம் இல்லம்மா. தங்கறதுக்கு ரொம்ப கஷ்டம்."

"பாய் கீது."

"சாப்பாடு ஒத்துக்காது."

"அரிசி கீது" என்று உள்ளேயிருந்து ரஃபத் குரல் கொடுத்தாள். "எண்ணெ கீது, பருப்பு கீது. மொளகாத்தூள் மட்டும் கம்மி. குடுக்கறீங்களா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. நந்தகோபால் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கோவிந்தம்மா, என் நெலமயும் கொஞ்சம் யோசிம்மா. நீங்க போயி நின்னா என்னத்தான் கேப்பாங்க."

"கேட்டா சொல்லுங்க சார். நீங்க அனுப்பினீங்க, நாங்க போனோம். இங்க எங்க லைனுக்கு ஸ்விட்ச்சப் போட்டு, எங்க பேர இந்த கேட்ல திருப்பி ஏத்துங்க. இப்பவே எறங்கிடறோம்."

அவர் கேட்டைப் பார்த்தார், ஆபீஸைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து செல்லை எடுத்தார். வேன் புறப்பட்டபோது அவர் யாரிடமோ, "ஆமா சார், வண்டியில சார். இல்ல சார், அடுப்போட" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலூரில் திரும்பி, திருவண்ணாமலை தாண்டி, உளுந்தூர்பேட்டையில் பெரிய ரோட்டைப் பிடித்தார்கள். வழியில் புளியஞ்சாதம் சாப்பிட்டார்கள். சாவித்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பெரம்பலூர் நெருங்க நெருங்கக் கரிசல் மண்ணும் பருத்தியும் ஆளுயர மக்காச்சோளமும். அதற்கு நடுவில், நேற்றுத்தான் பெயின்ட் அடித்தது மாதிரி வெள்ளை வெளேரென்று புது யூனிட். கேட்டுக்கு மேல் பெரிய பேனர்: 'ஆட்கள் தேவை. பெண்கள். வயது 18 முதல் 25 வரை.' அதை எழுத்துக்கூட்டிப் படித்ததும் வேனுக்குள் ஒவ்வொருத்தியும் தன் வயசை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். வெளியே ஒரு கம்பெனி வேன் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருந்த பெண்களை இறக்கிக்கொண்டிருந்தது.

கோவிந்தம்மாளுக்கும் பயம்தான். இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் முதலில் இறங்கினவள் அவள்தான்.

செக்யூரிட்டி மீசையைத் தடவிக்கொண்டே எதிரே வந்தார். "ஆம்பூரு பார்ட்டிங்களா? உங்கள வெளிய நிக்க வைக்கச் சொல்லி போன் வந்துருச்சும்மா. அதுவும் இல்லாம இங்க வயசு வரம்பு இருக்குது. போர்டு போட்டிருக்கே, பாக்கலையா?"

"அது வேல கேட்டு வர்றவங்களுக்குண்ணா. நாங்க வேல கேட்டு வரல. வேலைக்கு வந்துகீறோம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஆபீஸ்ல கேக்காம கதவு தொறக்க முடியாது."

"கேளு. அதுக்குள்ள வெச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு, கேட் சுவரில் மாட்டியிருந்த பெட்டியிடம் போனாள். அதே பெட்டி. அதே சிவப்புக் கண். கட்டைவிரலை வைத்தாள்.

'ட்ரை அகெய்ன்.'

"பாத்தீங்களா? உங்க பேரு இதுல இல்ல" என்றார் செக்யூரிட்டி.

கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரஃபத் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். கோவிந்தம்மாள் அவசரப்படவில்லை. விரலை முந்தானையில் துடைத்தாள். வகிட்டுக்குப் பக்கத்தில் நன்றாக எண்ணெய் பிடித்த இடமாகப் பார்த்து அழுத்தித் தேய்த்தாள். மறுபடி வைத்தாள்.

பச்சை எரிந்தது. 'தேங்க்யூ.'

"வெச்சுட்டேன்!" என்று அவள் கத்திய கத்தலில் கொல்லையில் இருந்த மயில் ஒன்று எழுந்து பறந்தது. ரஃபத் வைத்தாள், தேங்க்யூ. சாவித்திரி வாந்தி எடுத்த சோர்வெல்லாம் மறந்து ஓடிவந்து வைத்தாள், தேங்க்யூ. பதினொரு பேரும் வைத்து முடிப்பதற்குள் செக்யூரிட்டிக்கு வேர்த்துவிட்டது. மிரட்டுவதற்காக அவர்கள் பேரை இந்த யூனிட்டில் ஏற்றிய மகராசன், அவர்கள் வந்து விரல் வைப்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

"பாருண்ணா, நான் எழுதலன்னு எல்லாரும் கோச்சுக்கினாங்க. இப்ப உன் மிஷினே எழுதிக்கிச்சு, நாங்க வேலைக்கு வந்துட்டோம்னு" என்றாள் கோவிந்தம்மாள். "போன் பண்ணி அதையும் சேத்து சொல்லு."

செக்யூரிட்டி செல்லைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தார். உள்ளே ஆபீஸ் ஜன்னலில் தலைகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று வசந்தின் தலை. அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவில்லை. கதவு திறக்கவும் இல்லை.

"இறக்குங்கடி அண்டாவ" என்றாள் கோவிந்தம்மாள்.

சுந்தரமூர்த்தி போட்ட முடிச்சை அவிழ்ப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பேனருக்கு நேர் கீழே கல் கூட்டி, அடுப்பு மூட்டி, உலை வைத்தார்கள். புகை 'ஆட்கள் தேவை'யைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

கம்பெனி வேனில் வந்திறங்கிய பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். புது ஐடி கார்டு கழுத்தில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் தொங்கியது.

"என்னக்கா, இங்க வேலைக்குச் சேர வந்திருக்கீங்களா?"

கோவிந்தம்மாள் உலையில் அரிசியைக் களைந்து போட்டாள்.

"சேந்து பதினெட்டு வருசம் ஆவுது கண்ணு. உள்ள வுடத்தான் யோசிக்கறாங்க. நீ சாப்டியா?"